கிள்ளிய இடம்

அந்தப் பழமொழியை முதலில் சொன்னவர்
வெல்லத்துக்குக் கணக்கு எழுதியவராக இருக்க முடியாது.
வெல்லப் பிள்ளையாரைக் கிள்ளி
அவருக்கே நைவேத்தியம் வைத்த கதையில்
எத்தனை கிராம் என்ற கேள்வியே இல்லை.

எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.
கவுந்தப்பாடி ரோட்டில், வாய்க்கால் பாலம் தாண்டி,
சென்னியப்பன் ஆலைக்கொட்டகையில்
ஒன்பது வருஷமாக நான்தான் வரவு செலவு.

முதலாளியைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன்.
தை பிறந்தால் மாலை போடுவார்.
கொப்பரைப் பக்கம் ஒருத்தரும் செருப்போடு போகக் கூடாது,
பழனிக்கு நடந்து போய்த் திரும்பும்வரை
கொட்டகையில் கருவாட்டு வாசம் கூடாது.
பாகு பதத்துக்கு வரும்போது "முருகா" என்பார்.
அதே மூச்சில் பொங்கியண்ணனுக்குக் கண்ணைக் காட்டுவார்.
பொங்கியண்ணன் அஸ்கா மூட்டையின் வாயைப் பிரிப்பார்.
அப்புறம் ஒரு பிடி வெள்ளைத் தூள்.
அதன் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை,
மருந்து என்போம்.
கருத்த பாகு அரை நிமிஷத்தில் வெளிறி
விரலி மஞ்சளின் நிறத்துக்கு வரும்.

"சனம் இந்த நிறத்தைத்தானுங்க கேக்குது."
அதுவும் பொய்யில்லை.

ஆனால் ஆவணியில், சதுர்த்திக்கு முந்தின நாள்,
ஒரு கொப்பரை தனி.
அஸ்கா மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டு மூடுவோம்.
அவரே குளித்து, வாய்க்குத் துணி கட்டி,
நுரை வழித்து, அச்சில் ஊற்றி
முக்கால் அடிப் பிள்ளையார் எடுப்பார்.
வெறும் கரும்புச்சாறு.
கருகருவென்று, துதிக்கை சற்றே கோணலாக.
பக்கத்தில் நின்று ஒன்பது பிள்ளையார் பார்த்துவிட்டேன்,
சாமியிடமிருந்து அவர் ஒரு கிராம்கூடக் கிள்ளியதில்லை.

இங்கேதான் பழமொழிகள் எனக்குத் தடுமாறுகின்றன.
படிப்பது திருவாசகம், இடிப்பது சிவன் கோயில் என்கிறார்கள்.
இவர் இடிக்கவில்லையே,
போன வருஷம் மதில் சுவர் கட்டிக் கொடுத்தார்.
கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கவில்லை,
தன் காசில்தான் உடைக்கிறார், நூற்றியெட்டு.
சொல்லி வைத்தவர்கள் எல்லோரும்
சாமிக்கு என்ன நஷ்டம் என்றே பார்த்திருக்கிறார்கள்.
சாமிக்கு நஷ்டமில்லை.
சனிக்கிழமை சந்தைக்குப் போன சிப்பங்கள்
எந்தப் பிள்ளையின் பால் டம்ளரில் கரைந்தன,
அதற்கொரு பழமொழி இருந்தால் சொல்லுங்கள்.

அஸ்கா பில்லை எந்தத் தலைப்பில் எழுதுவது?
அவர் சொல்லித் தரவில்லை.
முதல் வருஷமே, பக்கத்தின் உச்சியில்
பிள்ளையார் சுழி போட்டுவிட்டு நானே கண்டுபிடித்தேன்:
அன்னதானம், பாயச வகை.
"நீ பொழச்சுக்குவே அம்மிணி" என்றார்.
சம்பளத்தில் ஐநூறு ஏறியது.
என் பேரேட்டின்படி எங்கள் ஊர்
ஒன்பது வருஷமாகப் பாயசத்தில் மிதக்கிறது.

இந்தத் தடவை மாதிரி எடுக்க வந்த அதிகாரி
பேரேட்டில் விரல் வைத்து நிமிர்ந்தார்.
"ஆடி மாசத்தில் மட்டும் இருநூறு மூட்டைப் பாயசமா?"
"ஆமாங்க, சாமி காரியம்."
குரல் நடுங்கவில்லை.
அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் கோயிலில் பிரசாதம்.
பூசாரி முதுகுப் பக்கமாகத்தான் கிள்ளுவார்.
முன்னால் நிற்கிறவர்களுக்குப் பிள்ளையார்
கடைசிவரை முழுசாகத் தெரிவார்.

என் பங்கை மகள் தர்ஷிகாவின் கையில் வைத்தேன்.
நாக்கில் பட்டதும் துப்பினாள்.
"கருப்பா இருக்குதும்மா. இது வெல்லமே இல்ல."

மிதிபடக் கூடாதே என்று குனிந்து பொறுக்கினேன்.
எச்சில், மண், ஒரு பூவிதழ்
எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது.
நாலு கிராம் இருக்கும்.
அஞ்சு என்றும் எழுதலாம்.